அக்கிலீஸ் ஆமையைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: ஆமை 100 மீட்டர் முன்னால் நிற்கிறது. கிரேக்கக் கதைகளில் வரும் வீரன் அக்கிலீஸின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், ஆமைக்கு 1 மீட்டர். அவன் 100 மீட்டர் ஓடுவதற்குள் ஆமை 10 மீட்டர் நகர்ந்துவிடும். அதையும் ஓடினால் இன்னும் 1 மீட்டர். இப்படிப் போனால் முடிவே இல்லையே. அவன் ஆமையைப் பிடிக்கவே முடியாது என்று பண்டைய கிரேக்கத் தத்துவஞானி சீனோ சொன்னதில் பிழை எங்கே?

பதில் 1: படிகள் முடிவிலி என்பது சரிதான். அதனால் ஆகும் நேரமும் முடிவிலி என்று தாவுவதுதான் பிழை. நேரம் 10 + 1 + 0.1 + …, பொது விகிதம் 1/10 உள்ள பெருக்குத் தொடர். கூட்டுத்தொகை 10 ÷ (1 − 1/10) = 100/9, அதாவது ஏறக்குறைய 11.11 நொடி. சுமார் 111.11 மீட்டரில் பிடித்துவிடுவான்.

பதில் 2: "உறுப்புகள் சிறுத்தால் போதும்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பலரும் சறுக்கும் இடம் இது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … தொடரிலும் உறுப்புகள் சிறுக்கின்றன, கூட்டலோ எல்லையின்றி வளரும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று போனால் கதை வேறு: கூட்டல் 1ஐ நெருங்கும், 10 படியில் அதற்கு மீதி 1/1024தான்.

பதில் 3: மீதித் தூரத்தில் பாதி, அதில் பாதி என்று ஓடும்போது, படிக்குப் படி வேகத்தையும் பாதியாக்கிப் பாருங்கள். எல்லாப் படிக்கும் ஒரே நேரம் ஆகும், கூட்டினால் நேரம் முடிவிலி. அங்கே சீனோவுக்கே வெற்றி!

பதில் 4: அரை, கால் தொடரைக் கணினியில் 64 பிட் டபுளில் (கணினி பின்ன எண்களை வைக்கும் ஒரு வடிவம்) கூட்டினால் 54ஆவது உறுப்பில் சரியாக 1 வந்துவிடும். அதை நிரூபணமாகக் காட்டாதீர்கள். அந்த 64இல் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைக்கும் துல்லியம் 53 பிட்தான்; அதில் அடங்காமல் ரவுண்டு ஆனது, அவ்வளவுதான்.