ஜெர்மானியமே நீடித்திருந்தால் கணினி எப்படி இருந்திருக்கும்?

ஈயப்பற்று:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. 1958இல் ஜாக் கில்பி செய்துகாட்டிய ஒருங்கிணைந்த சுற்றும் (சிப்) ஜெர்மானியம்தான். ஐபிஎம் 1401 கணினிக்குள் ஓடியதும் அதுவே. அப்புறம் சில வருடங்களிலேயே சிலிக்கான் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

ஜெர்மானியத்தில் எலக்ட்ரான் சிலிக்கானைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வேகமாக நகரும். எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடமான துளை நான்கு மடங்கு. 938 டிகிரியில் உருகிவிடும், சிலிக்கானுக்கு 1414 வேண்டும். அதனால் சுத்திகரிப்பதும் சுலபம். வெப்பம் தாங்கும் பாகம் வேண்டும் என்று ராணுவம் பணத்தோடு வந்து நின்றதால்தான் ஆட்டம் மாறியது என்பது என் கட்சி. இன்னும் பத்து வருடம் கொடுத்திருந்தால் நம் கையில் இருக்கும் போனுக்குள் ஜெர்மானியம் இருந்திருக்கும்.

குறைகடத்தி:
ஒப்புக்கொள்ள முடியவில்லை அண்ணா. 75 டிகிரியைத் தாண்டினால் ஜெர்மானியம் தடுமாறும். எலக்ட்ரான் கட்டவிழ்ந்து ஓடத் தேவையான ஆற்றல், அதாவது அதன் பட்டை இடைவெளி, 0.67 எலக்ட்ரான் வோல்ட்தான், சிலிக்கானுக்கு 1.12. கொஞ்சம் சூடானாலே தேவையில்லாத மின்னோட்டம் கசிய ஆரம்பித்துவிடும்.

1954 மே மாதம், ஒஹாயோவின் டேட்டன் நகரில் ஒரு மாநாடு. சிலிக்கான் டிரான்சிஸ்டர் வரப் பல வருடம் ஆகும் என்று மற்றவர்கள் பேசி முடித்த பிறகு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கார்டன் டீல் மேடையேறினார். சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் அவர் பையிலேயே இருந்தன. இசைத்தட்டை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் இருந்த ஜெர்மானிய டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் முக்கினார். பாட்டு நின்றுபோனது. சிலிக்கானை மாட்டி அதே எண்ணெயில் முக்கினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஈயப்பற்று:
சூட்டைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம் தம்பி, பழைய ரேடியோ பழுது பார்ப்பவன் நான். ஏசி 128 என்ற ஜெர்மானிய டிரான்சிஸ்டரைச் சால்டர் வைக்கும்போது அதன் காலை நோஸ் பிளேயரால் கவ்விப் பிடித்துக்கொள்வேன், சூடு இரும்பில் இறங்கட்டும் என்று. இரண்டு நொடி அசந்தால் போய்விடும். ஆனால் அது ரேடியோவின் கஷ்டம். குளிரூட்டிய அறையில் வைத்த கணினிக்கு எண்ணெய்ச் சோதனை எதற்கு?

அட்டவணை:
இரண்டு பேரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஜெர்மானியம் என்ற பெயரே உறுத்துகிறது. 1871இல் மெண்டலீவ் தன் தனிம அட்டவணையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போவதற்கு ஏக சிலிக்கான் என்று பெயர் வைத்தார். சமஸ்கிருத ‘ஏக’, அதாவது சிலிக்கானுக்கு ஒரு படி கீழே. அணு எடை 72 என்றார், இன்றைய கணக்கு 72.63. அடர்த்தி 5.5 என்றார், உண்மையில் 5.32. இப்படிச் சொல்லிவைத்த மனிதர் வைத்த பெயரை எடுத்துவிட்டு ஜெர்மனி நாட்டின் பெயரை ஒட்டினார்கள். இது ஒன்று மட்டுமில்லை. ஏக அலுமினியம் 1875இல் பிரான்சின் பழைய பெயரால் காலியம் ஆனது. ஏக போரான் 1879இல் ஸ்காண்டியம். மெண்டலீவ் சொன்ன மூன்றும் மூன்று தேசத்துக்குப் போயின.

குறைகடத்தி:
கண்டுபிடித்தவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டுதானே அக்கா? ஜெர்மனியின் ஃப்ரைபெர்கில் வேதியியலாளர் வின்க்லர் சும்மா உட்கார்ந்து பெயர் வைக்கவில்லை. ஆர்ஜிரோடைட் என்ற வெள்ளித் தாதுவை எத்தனை முறை பகுத்தாலும் 93 சதவீதம்தான் கணக்கில் வந்தது. மிச்சம் 7 எங்கே என்று விடாமல் தேடி 1886இல் ஜெர்மானியத்தைப் பிடித்தார். தவிர, எந்தப் பெயர் வைத்தாலும் டிரான்சிஸ்டர் அதே வேலையைத்தானே செய்யும்?

அட்டவணை:
அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெயர் மாறினால் பின்னால் வருவதும் மாறும். வின்க்லர் முதலில் யோசித்தது நெப்டியூனியம். நெப்டியூன் கோளும் கணக்கில் முதலில் தெரிந்து, கண்ணில் பிறகு பட்டதுதானே. அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே ஒரு பொருளுக்கு வைத்திருந்ததால் கைவிட்டார். வைத்தது நிலைத்திருந்தால், 1940இல் பெர்க்லியில் கிடைத்த 93ஆம் தனிமத்துக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்காது. யுரேனியம், நெப்டியூனியம், புளூட்டோனியம் என்ற கோள் வரிசையே அறுந்திருக்கும். சிலிக்கானையும் பாருங்கள். 1808இல் டேவி முன்மொழிந்தது சிலிசியம். இது உலோகம் இல்லை, கார்பன், போரான் மாதிரி முடியட்டும் என்று 1817இல் தாமஸ் தாம்சன் வாலை மாற்றினார். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் சிலிசியம் என்றே சொல்கிறார்கள்.

ஈயப்பற்று:
அட்டவணை சொல்வது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. சின்னச் சின்னத் தற்செயல்கள்தான் எல்லாம். 1955இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ராஷும் டெரிக்கும் உலையில் நடந்த ஒரு விபத்தால்தான் சிலிக்கான் மேல் கண்ணாடி போல் ஆக்சைடு படிவதைக் கவனித்தார்கள். அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால்?

குறைகடத்தி:
இன்னும் இரண்டு வருடம் கழித்து வேறு யாராவது கவனித்திருப்பார்கள். ஏனென்றால் அந்த ஆக்சைடு சிலிக்கானின் குணம். தண்ணீரில் கரையாது, மின்சாரத்தைக் கடத்தாது, அடியில் இருப்பதைக் காப்பாற்றும். 1959இல் டிரான்சிஸ்டரை ஆக்சைடு மூடிய தட்டையான பரப்பில் செய்யும் ஹோர்னியின் சமதளச் செய்முறை, அதன் மேல் நாய்ஸ் அலுமினியக் கோடு இழுத்த சுற்று, உலோகம், ஆக்சைடு, குறைகடத்தி என்று அடுக்கி அட்டல்லாவும் காங்கும் செய்த மாஸ் (MOS) டிரான்சிஸ்டர், மூன்றும் இந்த ஒரு படலத்தின் மேல் நிற்கின்றன. ஜெர்மானிய ஆக்சைடோ தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ராணுவப் பணத்தை எவ்வளவு கொட்டினாலும் அதை மாற்ற முடியாது.

இன்னொன்று. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் பிராட்டன் ஜெர்மானியத் துண்டின் மேல் ஆக்சைடை வளர்த்து, அதன் மேல் தங்கப் புள்ளிகளை வைத்துச் சோதித்தார். இடையில் துண்டைக் கழுவியபோது அவருக்கே தெரியாமல் ஆக்சைடும் கழுவிக்கொண்டு போய்விட்டது. தங்கம் நேராக ஜெர்மானியத்தைத் தொட்டது. அங்கிருந்துதான் டிரான்சிஸ்டருக்கு வழி பிறந்தது. ஜெர்மானியத்தை மேடையேற்றியதும் அந்தக் கரையும் ஆக்சைடு, இறக்கியதும் அதுதான்.

ஈயப்பற்று:
கழுவிய கதை எனக்குப் புதிது. அறுபதுகளைப் பொறுத்தவரை ஆக்சைடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 2003இல் இன்டெல் தன் 90 நானோமீட்டர் சிப்பில் வேகத்துக்காக ஜெர்மானியத்தைச் சிலிக்கானோடு கலந்து திரும்பக் கொண்டுவந்தது. 2007இல் 45 நானோமீட்டரில், டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கேட் (gate) பகுதியில் நீங்கள் புகழும் ஆக்சைடு இருந்த இடத்துக்கே ஹாஃப்னியம் கலந்த பொருள் வந்துவிட்டது.

குறைகடத்தி:
அந்த ஹாஃப்னியப் படலத்துக்கு அடியில் மெல்லியதாகச் சிலிக்கான் ஆக்சைடு இன்னும் இருக்கிறது அண்ணா.

அட்டவணை:
ஹாஃப்னியம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுத் தனிமம் ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று 1911இல் பாரிஸின் உர்பேன் அதற்குச் செல்டியம் என்று பெயர் வைத்தார், 72ஆம் இடம் அதற்குத்தான் என்று பிறகு சொன்னார். 1923இல் கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் சிர்கோனியத் தாதுவை எக்ஸ் கதிரில் பார்த்து, உண்மையான 72 இதுதான் என்று காட்டினார்கள். அந்த ஊரின் லத்தீன் பெயர் ஹாஃப்னியா. செல்டியத்துக்காகப் பாரிஸ்காரர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். அவர்கள் ஜெயித்திருந்தால், நீங்கள் இருவரும் இப்போது செல்டியம் கேட்டைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.