பண்டோராவிடம் பெட்டி இல்லை

கிரேக்கக் கதைகளில் இடறிய அனுபவத்தை மூன்று பேர் இங்கே ஆளுக்கொன்றாகச் சொல்கிறோம். போன வருடம் ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கும்போது ‘பண்டோராவின் பெட்டி’ வந்தது. பண்டோரா என்ற பெண் திறந்ததும் உலகத்துத் துன்பமெல்லாம் வெளியேறி, நம்பிக்கை மட்டும் உள்ளே தங்கிவிட்ட பெட்டி. ‘கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அடுத்த பத்தியில் மாட்டிக்கொண்டேன். பெட்டியின் அடியில் தங்கிப்போன நம்பிக்கையைப் பற்றி ஆசிரியர் பேச ஆரம்பித்துவிட்டார். நம் பூதத்திடம் நம்பிக்கைக்கு எங்கே போவது?

சரி என்று ஹெசியோடைப் புரட்டினேன். கி.மு. 700 வாக்கில் பாடிய கிரேக்கக் கவிஞர். அவரிடம் பெட்டியே கிடையாது. அவர் சொல்வது ‘பித்தோஸ்’, தானியமும் எண்ணெயும் சேமிக்கும் மண்சாடி. கிரீட் தீவில் க்னோசோஸ் அரண்மனைக் கிடங்கில் ஆளுயரத்துக்கு நிற்கின்றனவே, அந்த மாதிரி. நம் தாழிதான். அவர்களும் இறந்தவர்களை அதில் வைத்துப் புதைத்ததுண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் இதை லத்தீனில் ‘பிக்ஸிஸ்’ என்று எழுதிவிட்டார். அது கைக்கு அடக்கமான மூடிப் பெட்டி. அவ்வளவு பெரிய அறிஞரே சறுக்கியிருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். கடைசியில் நானும் ‘பெட்டி’ என்றே விட்டேன். தாழி என்று போட்டிருந்தால் பிழை என்று திருத்தியிருப்பார்கள்.

*

எனக்கு அக்கிலீஸ், குதிகாலில் அம்பு பாய்ந்து செத்த கிரேக்க வீரன். ஷட்டில் ஆடும்போது குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. குதிகால் தசைநாணான ‘அக்கிலீஸ் டென்டன்’ கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர்.

கட்டோடு கிடந்த நாட்களில், அம்பு பாயும் இடத்தைப் படிக்கலாம் என்று, அவன் போரிடும் கிரேக்கக் காவியமான இலியட்டை எடுத்தேன். கடைசிவரை வரவேயில்லை! அவன் கொன்ற எதிரி ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் முடிகிறது. அக்கிலீஸ் அப்போதும் உயிரோடுதான் இருக்கிறான். குழந்தையாக இருந்தபோது தாய் குதிகாலைப் பிடித்துக்கொண்டு அவனைப் பாதாள ஆறான ஸ்டிக்ஸில் முக்கினாள், நனையாத அந்த இடமே பலவீனமானது என்பது கதை. ஸ்டிக்ஸில் முக்கிய செய்தி கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். “துரியோதனன் தொடை மாதிரியா?” என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினார்.

*

என் பங்கு சின்னது. சித்தப்பாவின் பட்டியில் ஒரு ராத்திரி அத்தனை ஆடும் மிரண்டு, படலைச் சாய்த்துவிட்டு ஓடின. நாயும் இல்லை, நரியும் இல்லை. இப்படிக் காரணம் தெரியாமல் வரும் மிரட்சியைக் கிரேக்கர்கள் ஆட்டுக்கால் தெய்வமான ‘பேன்’ (Pan) செய்யும் வேலை என்றார்கள். திகிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘பேனிக்’ (panic) அங்கிருந்து வந்தது. சித்தப்பா, முனி என்றார்.