முறிகண்டியில் நிற்காமல் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வெள்ளவத்தை மருமகன்

யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் எல்லாரும் போவார்கள். நிற்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கே ஆளுக்கொரு கதை இருக்கும். என்னுடையதையும் போட்டுவிடுகிறேன், வீட்டில் சொல்ல முடியாது.

2025 பொங்கல். 13ஆம் திகதி திங்கள் போயா (பௌர்ணமி லீவு), 14 பொங்கல், சனி ஞாயிறையும் சேர்த்தால் நாலு நாள் லீவு. கொழும்புத் தமிழரில் பாதிப் பேர் ஏ9இல்தான் நின்றார்கள். நாங்கள் போயா அன்று விடிய 3 மணிக்கு வெளிக்கிட்டோம். டொல்பின் வான், சின்னவர் பெரியவர் 11 பேர், பின்னால் மாமி புறக்கோட்டையில் வாங்கிய பித்தளைப் பானை. மாமியின் மடியில் ஒரு தேங்காய். தேங்காய் ஒன்று 200 ரூபாயை ஒட்டி நின்ற நேரம் அது. அதிலும் தட்டிக் கேட்டு, ஆட்டிப் பார்த்து, குடுமி குலையாமல் வாங்கி வைத்திருந்தார். எதற்கென்று சொல்லத் தேவையில்லை.

புத்தளத்தில் தேத்தண்ணி, அநுராதபுரத்தில் நெரிசல், வவுனியாவில் சாப்பாடு. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணுவிலில் இருந்து பெரிய மாமா போன் அடிக்கிறார், "எங்க நிக்கிறியள்?" என்று. நானும் வீறாப்பாக "ஒரு மணிக்கு வாசல்ல நிப்பம்" என்று சொல்லிவிட்டேன். மாங்குளம் தாண்டும்போதே பன்னிரண்டு ஆகிவிட்டது.

முறிகண்டி வந்ததும் சாரதித் தம்பி தானாகவே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டப் போனார். அங்கே வாகனம் வரிசையாக நிற்கிறது. நான்தான் சொன்னேன்: "விடுங்கோ தம்பி, வரேக்க நிப்பம்." அவர் கண்ணாடியில் பின்னால் மாமியைப் பார்த்தார். மாமி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து பாதி வெளியே எடுத்த தேங்காயைத் திரும்ப உள்ளே வைத்தார். அவ்வளவுதான்.

கிளிநொச்சி, பரந்தன் தாண்டி, ஆனையிறவு கிட்ட வரும்போது பின் டயர் வெடித்தது. அந்த இடம் தெரியும்தானே, வெட்டை. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, உப்புக் காற்று முகத்தில் அறைகிறது. ஸ்பெயார் சில்லைக் கழற்றிப் பார்த்தால் அதில் காற்றில்லை. ஒரு லொறியை மறித்து, சில்லையும் சாரதியையும் பரந்தனுக்கு ஏற்றி விட்டு, ஒன்றேமுக்கால் மணித்தியாலம் நின்றோம். யாராவது ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வானின் நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த மாமி, மடியில் அதே தேங்காய், என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, பசிக்கேல்லையோ?"

அந்தக் கேள்விதான் இன்னும் போகவில்லை.

கச்சான் பிரியன்

நான் சாமிக்கு நிற்பதில்லை, அங்கே விற்கிற கச்சானுக்கு (வேர்க்கடலைக்கு) நிற்கிறவன். அதுவும் கணக்கில் வருமா? சுடச்சுட வறுத்ததென்று தந்த பொதியை வெள்ளவத்தையில் பிரித்தால் பாதி கருகல். ஆனாலும் அடுத்த முறையும் வாங்குவேன்.

வத்தளை கராஜ்காரன்

மருமகன் அண்ணே, இதில் பிள்ளையாரை இழுக்காதீர்கள். தை மாதம் என்றாலும் மத்தியானத்தில் தார் றோட்டு கொதிக்கும், 11 பேரும் சாமானும் வேறு. டயர் வெடிக்காமல் என்ன செய்யும்?

என் அனுபவம் சின்னது. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும்போது கருவலகஸ்வெவ பக்கம் இரவில் யானை நின்றது, ஹோர்ன் அடிக்காமல் பின்னுக்கு எடுத்துத் திரும்பி வந்தோம். அவ்வளவுதான்.

ஆனால் பண்டிகைக்கு வான் பிடிக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். வான் வந்ததும் முதல் வேலை, டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயவில்லை, புதுசு மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் பேச்சில்லை, றப்பர் கிழடானால் கிழடுதான். இரண்டாவது, ஸ்பெயார் சில்லை இறக்கச் சொல்லிக் காற்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள், காசு கொடுக்கிறது நீங்கள். மூன்றாவது, சில்லு மாற்ற வானைத் தூக்குகிற ஜக் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், "காட்டுங்க" என்று சொல்லுங்கள். நாலாவது, சாரதி முதல் நாள் இரவு எங்கே ஓடினார் என்று விசாரியுங்கள். லீவு நாட்களில் கண்டிக்கு ஒரு ஹயர் முடித்து, முகம் கழுவிவிட்டு நேரே உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓமந்தைக்கு அங்கால் றோட்டு நேர்கோடு, கண்ணைச் சொருகும். ஊருக்கு வெளியே 70க்கு மேல் போகவும் கூடாது, பொலிஸ் நிற்பார்கள். பொழுது படும் நேரத்தில் மாடு குறுக்கே வரும், ஒன்று வந்தால் பின்னால் இன்னும் நாலு வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முறிகண்டியில் எல்லாரையும் இறங்க வைத்த பழைய ஆட்கள் உண்மையில் சாரதிக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

கொட்டாஞ்சேனை 13

டயர் வகுப்பு முடிந்ததா? சரி.

எங்களுடையது சித்திரைப் புத்தாண்டு, 2023. கணவரின் அக்கா வீடு வவுனியாவில். பெற்றோலுக்கு கியூஆர் கோட்டா இருந்த காலம், லீட்டர் கணக்குப் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். அந்தக் கணக்கில் மூளையைச் செலவழித்ததில் நான் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவேயில்லை. வழியில் கடையா இல்லை?

இல்லை. அந்த வருடம் வருடப் பிறப்பு பிற்பகலில். நமக்கு விஷு புண்ணிய காலம் முன்னுக்கு 4 மணித்தியாலம், பின்னுக்கு 4. சிங்களவர்களுக்கு அது 6 மணித்தியாலம் 24 நிமிடம் முன்னும் பின்னும், நொனகதய என்பார்கள். அந்த நேரத்தில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், வேலை செய்ய மாட்டார்கள், கடை திறக்க மாட்டார்கள். காலையிலிருந்து இரவு வரை அப்படியே போய்விட்டது. சரி, புத்தளத்தில் முஸ்லிம் கடைகள் இருக்குமே என்று பார்த்தால் அது நோன்பு மாதம். ஒரு பிளேன்டீக்குக் கூட வழியில்லை. றோட்டு முழுக்க வெறிச், நாய் மட்டும் நடுவில் படுத்திருக்கிறது.

நொச்சியாகமவுக்குக் கிட்ட மகள் அழத் தொடங்கிவிட்டாள். நாலு வயது. ஒரு வீட்டு வாசலில் கதிரை போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பலகை பூட்டிய சின்னக் கடை. கணவர் இறங்கி அரைகுறைச் சிங்களத்தில் பிஸ்கட் பெட்டி ஒன்று கேட்டார். பாட்டி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கோபம் போல என்று நினைத்தோம். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு, கொக்கிஸ், பணியாரம், இரண்டு கதலி வாழைப்பழம். முதல் நாளே சுட்டு வைத்தது. அவருடைய வீட்டில் அந்த நேரத்தில் யாரும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. பிள்ளைக்கு மட்டும் ஊட்டாத குறையாகக் கொடுத்தார்.

கணவர் 500 ரூபாய் எடுத்து நீட்டினார். பாட்டி இரண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "தென் எபா, தென் எபா" என்கிறார். இப்போது வேண்டாம். கனுதெனுவுக்கு, அதாவது வருடத்தின் முதல் கொடுக்கல் வாங்கலுக்கு, ஒரு சுபநேரம் இருக்கிறது, அதற்கு முன்னால் காசு கைமாறக் கூடாது. எனக்கு அது தெரியும். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள், நாமும் நேரம் பார்த்துத்தானே கைவிசேஷம் கொடுக்கிறோம். ஆனால் இவர் விடவில்லை, காசைத் தட்டின் ஓரத்தில் வைக்கப் போனார், நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பாட்டி தட்டை இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார், பயந்த மாதிரி.

பழைய பயணி

கராஜ்காரத் தம்பி எல்லாம் தெரிந்தவர் போல எழுதுகிறார். ஓய்வுக்காகத்தான் நிற்க வைத்தார்களாம்! என் தகப்பனார் மாட்டு வண்டியில் போன காலத்திலும் அங்கே நின்றவர், மாட்டுக்கும் டயர் வெடிக்குமா? மருமகனுக்கும் ஒன்று. ஒன்றேமுக்கால் மணித்தியாலம் வெட்டையில் நின்றதைப் பெரிய துன்பமாகச் சொல்கிறீர்கள். சண்டையில் ஏ9 பூட்டிக் கிடந்த காலத்தில் திருகோணமலையில் கப்பலுக்குக் காத்துக் கிடந்து ஊர் போனவர்கள் நாங்கள்.

2002 ஏப்ரலில் பாதை திறந்த பிறகு வந்த முதல் பொங்கலுக்கு, 2003இல், குடும்பமாகப் போனோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கு, பையைத் திற, நட, ஏறு. புளியங்குளத்தில் மறுபடி. முகமாலையில் மறுபடி. ஓமந்தையில் ஒரு இளம் ஆமிக்காரன் என் மகனின் பள்ளிக்கூடப் பையைத் திறந்து கையை விட்டான். கை வெளியே வரும்போது ஒரு பெட்டி சீனவெடி. புறக்கோட்டையில் வாங்கி எனக்குத் தெரியாமல் ஒளித்திருக்கிறான், ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் பொங்கலுக்கு வெடி கொளுத்துவார்கள் என்று நான்தான் கதை சொல்லி வளர்த்தவன்.

வரிசை முழுக்க மூச்சு நின்றுவிட்டது. அவன் பெட்டியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். தன் பெரியவன் நிற்கிற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு பெட்டியை மேசைக்குக் கீழே காலால் தள்ளிவிட்டு, பையின் சிப்பை இழுத்து மூடி, "யன்ன" என்றான். போ. என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அங்கால் போய் வானில் ஏறியதும் நான் பிள்ளைக்கு அறைந்தேன். ஒன்றல்ல. இப்போது கேட்டால் அவனுக்கு அறை ஞாபகமில்லையாம், வெடி போனதுதான் ஞாபகமாம்.

டயகமக்காரன்

எல்லாரும் வடக்கே போறீங்க, நாங்க மேலே மலையகத்துக்குப் போறவங்க. புறக்கோட்டையில் கடையில் நிற்கிறேன், சொந்த ஆட்டோ இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு மனைவி, மகள், புதுத் துணி மூட்டை எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு அவிசாவளை, கித்துல்கல வழியாகக் கிளம்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போக அவளுக்கு முடியாது. கினிகத்தேனை ஏற்றத்தில் மழை, பனி, திரைச்சீலை போட்டும் மூன்று பேரும் நனைந்தோம். ஹட்டன் தாண்டித் தோட்டத்துக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது.

அம்மா லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நிற்கிறாராம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பேத்திக்காக வாளியில் சுடுதண்ணி வேறு, அது ஆறி, மறுபடி சுட வைத்து, மறுபடி ஆறி. பிள்ளை இறங்கினாள். காம்பராவை எட்டிப் பார்த்தாள். வெளியே கக்கூசுக்குக் கூட்டிப் போன வழியில் காலில் அட்டை ஏறிவிட்டது. திரும்பி வந்து அப்பாயி முன்னாலேயே கேட்டாள்: "அப்பா, எப்ப நம்ம வீட்டுக்குப் போறது?"

நான் பிறந்த வீடு அது. அம்மா சிரித்துக்கொண்டே "போகலாம் சாமி, போகலாம்" என்று அட்டையில் உப்பு வைத்தார்.

வத்தளை கராஜ்காரன்

டயகமத் தம்பி, மூன்று பேரும் மூட்டையும் வைத்து அந்த ஏற்றத்தில் ஆட்டோவா? இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், கியரைக் குறைத்து இறக்குங்கள். அட்டைக்கு உப்பை விடச் சவர்க்காரம் நல்லது, புறப்படும்போதே காலில் பூசிக்கொண்டால் ஏறாது. பழைய பயணி ஐயா, மாட்டு வண்டி என்றாலும் மாட்டுக்கும் ஓய்வு வேண்டும்தானே? நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனை 13

கராஜ் தம்பி, அவர் அட்டைக்கு மருந்து கேட்கவில்லை.

வெள்ளவத்தை மருமகன்

டயரைப் பிறகு குனிந்து பார்த்தேன், 2016. அதனால் கராஜ்காரர் வென்றுவிட்டார், சந்தோஷமா?

சிலர் தனியே கேட்டிருக்கிறீர்கள், அந்தத் தேங்காய்க்கு என்ன ஆனது என்று. நானும் மாமியிடம் கேட்டேன். திரும்பி வரும் அன்று காலையில் வானில் ஏறியதும், "மாமி, தேங்காய் எடுத்தனீங்களோ?" என்றேன். "அது பொங்கலுக்குத் துருவியாச்சு" என்றார். நான் பொங்கலில் மூன்று கரண்டி சாப்பிட்டிருந்தேன்.

முறிகண்டியில் இந்த முறை நான் சொல்லாமலே வான் நின்றது. மாமிக்கு முழங்கால் வலி, இறங்கவில்லை. நான் போய்க் கடையில் ஒரு தேங்காய் வாங்கினேன், தட்டிப் பார்க்கத் தெரியாது, கடைக்காரப் பெடியன் தந்ததுதான். ஓங்கி அடித்தேன். உடையவில்லை, உருண்டு போய் ஒரு மனிசியின் காலடியில் நின்றது. அவ எடுத்துத் தந்தா. இரண்டாவது அடியில் உடைந்தது, அதுவும் கோணலாக. திரும்பிப் பார்த்தால் மாமி யன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.