மறு: உள்விளையாட்டரங்கமா, களரியா?

அன்பின் குழுவினருக்கு,

மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆட்டமும் கச்சேரியும் நடக்கும் 'அரீனா' (arena) என்ற கூரைபோட்ட கட்டடத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம், களரி என்றால் ஆகுமா என்று கேட்டவன் நான் என்பதால் பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

> உள்விளையாட்டரங்கம் என்று அரசே பெயர்ப்பலகை வைத்துவிட்டது. பிறகு எதற்கு இன்னொரு சொல்?

பலகையில் இருப்பதை யாரும் கழற்றச் சொல்லவில்லை, சார். என் சிக்கல் மொழிபெயர்ப்பில் வந்தது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற அரீனாவைப் பற்றிய கட்டுரை. 'உள்விளையாட்டரங்கத்தில் நடந்த இசைக் கச்சேரி' என்று எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. அதோடு 'உள்விளையாட்டு' என்றால் கேரம், சதுரங்கம் என்றுதான் பாதிப்பேர் நினைக்கிறார்கள். சென்னையில் 2022 ஜூலை 28-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நேரு உள்விளையாட்டரங்கத்தில் நடந்தது. ஆட்டமோ மாமல்லபுரத்தில். பெயரில் உள்விளையாட்டு இருக்கிறது, அசல் உள்விளையாட்டு அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது!

> அரங்கு என்ற ஒரு சொல் போதாதா?

இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். போதும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அரங்கில்லாமல் வட்டாடுவதைப் பற்றிச் சொல்லும் 401-ஆம் குறளில், அரங்கு என்பது ஆட்டத்துக்காகக் கீறிய கட்டம். சிலப்பதிகாரத்தில் அதே சொல் மாதவி ஆடிய மேடை: எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். ஆக, விளையாட்டு, கூத்து இரண்டுக்கும் அரங்கு பழைய உரிமைக்காரன்தான். கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 'களி காணான் போயி' (ஆட்டம் பார்க்கப் போனேன்) என்று பாறசாலைக்காரர் சொன்னால், போனது பந்தாட்டத்துக்கா கதகளிக்கா என்று திருப்பிக் கேட்க வேண்டும். மலையாளப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் புது ஆட்டக்காரரின் முதல் மேட்சுக்கு 'அரங்ஙேற்றம்' என்றே போடுகிறார்கள். நாமோ அந்தச் சொல்லை பரதத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 'அறிமுகப் போட்டி' என்கிறோம்.

ஆனால் இன்றைக்கு அரங்கத்தின் தலையில் சுமை கூடிப்போயிற்று. திரையரங்கம், கருத்தரங்கம், கவியரங்கம், பயிலரங்கம் என்று எதையும் விடவில்லை. கட்டுரையில் நமக்கு வேண்டிய வேறுபாடும் அதற்குள் இல்லை. மாதவியின் மேடையில் மூன்று வகைத் திரை உண்டு; பார்ப்பவர் திரைக்கு இந்தப் பக்கம் இருப்பார். நான் சொல்லும் கட்டடத்திலோ நடுவில் ஆட்டம், நாலாபக்கமும் ஆள். லத்தீனில் அரீனா என்றால் மணல். ரோமாபுரியில் சண்டைக்களத்தில் இரத்தத்தை உறிஞ்சக் கொட்டிய மணலின் பெயரே அந்த இடத்துக்கும் ஆகிவிட்டது.

அதனால்தான் களரி என்றேன். மட்டக்களப்பில் கூத்து ஆடுவது வட்டக்களரியில். மண்ணை உயர்த்தி வட்டமாகக் கட்டி, சுற்றிலும் சனம் உட்கார்ந்து பார்க்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் கூத்தை நகரத்துக்குக் கொண்டுவந்தபோது அது களரியை விட்டுப் முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏறியது என்று அங்கே எழுதுகிறார்கள். சுற்றி இருந்து பார்த்தால் களரி, எதிரே இருந்து பார்த்தால் மேடை. எனக்கு வேண்டிய வேறுபாடு அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

> களரி என்றால் குமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற சண்டைக்கலைதான் நினைவுக்கு வரும். பாட்டுக் கச்சேரிக்குப் போகிறவன் கம்பைத் தூக்கிக்கொண்டு போவானா?

நியாயமான கேள்வி, அண்ணாச்சி. நானும் சின்ன வயதில் ஆசானிடம் அடி வாங்கியவன்தான். ஓலைக்கூரை, சாணி மெழுகிய மண்தரை, மூலையில் குத்துவிளக்கு; மழை பெய்தால் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு சருவம் வைப்பார், நாங்கள் அதைச் சுற்றிச் சுவடு வைப்போம். வடகேரளத்தில் தரையைத் தோண்டி அமைக்கும் குழிக்களரிக்கு 42 அடி நீளம், 21 அடி அகலம் என்று கணக்கே உண்டு. கேரளத்துச் சாஸ்தாங்கோட்டையில் 1967-இல் நாடகக்களரி என்று நாடகப் பயிற்சி முகாம் நடத்தியபோது சண்டையை விட்டுவிட்டார்கள், பயிற்சி என்ற பொருளை வைத்துக்கொண்டார்கள். இந்தப் பயிற்சி வாசனை என் சொல்லுக்குக் குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தோக்கியோவைப் பாருங்கள். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோவுக்காகக் கட்டியது நிப்பான் புடோகான். பெயருக்குப் பொருளே போர்க்கலைக் கூடம். 1966-இல் பீட்டில்ஸ் அங்கே பாடினார்கள். இன்றுவரை அங்கே ஒரு கச்சேரி செய்துவிட்டால் பாடகருக்குப் பெருமை. யாரும் கம்போடு போகவில்லை.

'உள்' என்ற முன்னொட்டையும் விட்டுவிடலாம். உண்மையில் வேறுபடுத்துவது கூரை. மேடிசன் ஸ்கொயர் கார்டனின் (சதுக்கத்திலும் இல்லை, தோட்டமும் இல்லை, அந்தப் பெயரில் அது நான்காவது கட்டடம்) 1968-இல் கட்டிய கூரையை எஃகு வடங்கள்தான் தாங்குகின்றன. நடுவில் ஒரு தூண் கிடையாது. ஆகவே என் முன்மொழிவு: கூரைக்களரி.

கட்டடத்தின் உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். அங்கே இரண்டு ஆட்டமும் ஒரே இடத்தில்தான். பனி ஹாக்கித் தளம் 200 அடிக்கு 85 அடி. கூடைப்பந்துக்கு 94-க்கு 50 போதும். பனியை உருக்கிவிடுவதில்லை, மேலே குளிர் தாங்கும் பலகையை மூடி, அதன்மேல் மரத்தளத்தைத் துண்டு துண்டாகக் கோத்து ஆடுகிறார்கள். மிச்ச இடத்தில் முன்வரிசை நாற்காலிகள் உள்ளிருந்து நீண்டு வரும். கச்சேரி என்றால் ஒரு கோடியில் மேடை, அதன் முதுகுப்பக்க இருக்கைகளைத் திரை போட்டு மறைத்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் அது களரி இல்லை, மேடைதான் என்று யாராவது மடக்கினால் என்னிடம் பதில் இல்லை.

தளத்துக்கு 'களரித்தரை' சரியாக இருக்கும். நீண்டு வரும் நாற்காலிக்கு, மேசை இழுப்பறையை நினைத்து, 'இழுப்பிருக்கை' என்று வைத்திருக்கிறேன். 'மடிப்பிருக்கை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தியேட்டர் நாற்காலியோடு குழம்பும். எங்கள் தெருத் தச்சரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். 'அடுக்குப்படி மாதிரி இருக்கு, இழுத்தா வரும், தள்ளுனா போகும், அவ்வளவுதானே' என்றார். பெயர் மட்டும் சொல்லவில்லை. உங்கள் ஊரில் வேறு சொல் கிடைத்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனியன்று கட்டுரையை அனுப்ப வேண்டும்.

களியக்காவிளையிலிருந்து