ராக்கெட் ஏவுகம்பியை விட்டதும் குட்டிக்கரணம் அடிக்கிறது, பாராசூட்டும் உருகிவிட்டது. எங்கே தப்பு?

வடவாறு:
மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளி அறிவியல் மன்றத்துக்காக மாதிரி ராக்கெட் கிட் ஒன்று கட்டினோம். மூக்கு நுனியிலிருந்து வால்வரை 40 செ.மீ., குழாயின் குறுக்களவு 25 மி.மீ., பால்சா என்ற லேசான மரத்தில் துடுப்பு மூன்று, 30 செ.மீ. பிளாஸ்டிக் பாராசூட். மோட்டார் பி6-4 (மருந்து அடைத்தே விற்கும் மோட்டார்; ஏ, பி, சி என்று எழுத்து ஏற ஏறத் திறன் கூடும்). உரிமம் உள்ள விற்பனையாளரே கொண்டுவந்தார், அவர் முன்னிலையில்தான் ஏவினோம்.

கம்பியை விட்டுப் பத்து மீட்டர் போயிருக்கும். அங்கேயே ஒரு குட்டிக்கரணம், இன்னொன்று, அப்படியே தரை. விழுந்த இடத்தில்தான் பாராசூட்டைத் துப்பியது. அதுவும் பாதி உருகி ஒட்டிக்கிடந்தது.

குறிப்புத்தாளில் அழுத்த மையம் (காற்றின் தள்ளல் மொத்தமும் சேரும் புள்ளி) நுனியிலிருந்து 29 செ.மீ. என்று போட்டிருக்கிறது. விரல்மேல் வைத்துப் பார்த்தால் எங்கள் ராக்கெட் 26 செ.மீ.யில் சமமாக நிற்கிறது. 3 செ.மீ. முன்னால்தானே இருக்கிறது, பிறகு ஏன் புரண்டது? எடை 59 கிராம் காட்டுகிறது, பெட்டியில் 47 என்று இருக்கிறது. ஏவுகம்பி 60 செ.மீ. அடுத்த தடவை தை அறுப்பு முடிந்த வயலில் விடலாம் என்று எண்ணம்.

பாமணி:
டீச்சர், மூன்று கேள்வி. 26 செ.மீ. என்பது மோட்டார் போட்டு அளந்ததா, போடாமலா? துடுப்பை எதால் ஒட்டினீர்கள்? பாராசூட்டுக்கு அடியில் என்ன வைத்தீர்கள்?

வடவாறு:
மோட்டார் போடாமல். துடுப்பு ஃபெவிகால்தான், ஆனால் உடையாமல் இருக்கட்டும் என்று மூட்டு நெடுக எம்-சீல் அப்பினோம். கிட்டில் வந்த வேடிங் தாள் (மோட்டார் கடைசியில் வெடித்துப் பாராசூட்டைத் தள்ளும்போது அதில் சூடு படாமல் காக்கும் தாள்) ஒத்திகையிலேயே கிழிந்துபோனதால் சாதாரண டிஷ்யூ பேப்பர் வைத்தோம்.

பாமணி:
அப்படியானால் புரண்டதில் ஆச்சரியமே இல்லை. சமநிலை பார்க்கும்போது மோட்டார், பாராசூட், வேடிங் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். கம்பியை விடும் நேரத்தில் ராக்கெட் எப்படி இருக்குமோ அந்தக் கணக்குதான் செல்லும்.

பி6-4 சுமார் 19 கிராம், 7 செ.மீ. நீளம். வாலில் இருப்பதால் அதன் நடு 36.5 செ.மீ.யில் விழும். 59 × 26, அதோடு 19 × 36.5, மொத்தத்தை 78ஆல் வகுத்தால் 28.5 செ.மீ. அழுத்த மையம் 29. ஆக உங்களிடம் இருந்தது அரை செ.மீ.தான். குறைந்தது ஒரு குழாய்க் குறுக்களவு, அதாவது 2.5 செ.மீ. முன்னால் வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி.

மூக்குக்குள் பிள்ளைகள் விளையாடும் களிமண் வையுங்கள். நுனியிலிருந்து 4 செ.மீ.யில் 7 கிராம் வைத்தால் ஒரு மடங்கு வரும், 12 கிராம் வைத்தால் ஒன்றரை. களிமண்மேல் இரண்டு சொட்டு எபாக்ஸி விடாவிட்டால் பாராசூட்டைத் தள்ளும் வெடிப்பில் கழன்று குழாய்க்குள் வந்துவிடும். வலையில் கட்டும் ஈயக்குண்டு கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று அதைப் போட வேண்டாம். ஆட்கள் நிற்கும் இடத்தில் விழக்கூடிய பொருளின் முனையில் உலோகம் கூடாது.

கொள்ளிடக்கரை:
பாமணியின் கணக்கு சரி, வைத்தியம்தான் எனக்கு ஒப்பவில்லை. வாலில் 12 கிராம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. 59க்கும் 47க்கும் உள்ள அந்த வித்தியாசம் முழுக்க எம்-சீலும் பெயிண்டும்தான். அதை வைத்துக்கொண்டு மூக்கில் இன்னொரு 12 கிராம் ஏற்றினால் மொத்தம் 90. பி6-4 தூக்கும் உச்ச எடை 113 கிராம், அதனால் போகும். ஆனால் நாளைக்குச் சின்ன மைதானத்தில் ஏ8-3 போட நினைத்தால் அதன் வரம்பு 85. போட முடியாது.

கெட்டியான எம்-சீலைச் சுரண்டிக்கொண்டிருந்தால் குழாய்தான் கிழியும். பழைய துடுப்பை அச்சாக வைத்துத் தாளில் வரைந்துகொள்ளுங்கள், பிறகு மூன்றையும் வெட்டி எடுத்துவிட்டு 2.4 மி.மீ. பால்சாவில் புதிதாக அறுங்கள். மரத்தின் ரேகை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குழாய்க்கு இணையாக ஓடினால் முதல் இறக்கத்திலேயே முறியும். துடுப்பு ஒட்டும் இடத்தில் குழாயின் வழவழப்பை உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். ஃபெவிகாலை மெலிசாகத் தடவி ஒட்டிக் காயவிட்டு, மூட்டில் விரலால் இரண்டு பூச்சு இழுத்தால் போதும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு கிராம்கூட ஏறாது. இப்படி ஒட்டிய மூட்டு பிரிவதற்குமுன் பால்சாதான் உடையும்.

வால் இளைத்ததும் மோட்டாரோடு எடை 66 கிராம், சமநிலை 27 செ.மீ. சுமாருக்கு வரும். மூக்கில் 5 கிராம் களிமண் வைத்தால் ஒன்றரை மடங்கு கிடைத்துவிடும், மொத்தம் 71 கிராம்.

பாமணி:
ஒத்துக்கொள்கிறேன், துடுப்பை மாற்றுவதே நல்லது. கட்டி முடித்ததும் கணக்கை மட்டும் நம்பாமல் சுழற்றிப் பாருங்கள். மோட்டார் போட்ட ராக்கெட்டைச் சமநிலைப் புள்ளியில் நூலால் கட்டி, அந்த இடத்தில் ஒரு துண்டு டேப், இரண்டரை மீட்டர் நூல், தலைக்குமேல் சுற்றுங்கள். மூக்கு முன்னே போனால் விடலாம். வால் முன்னே வந்தாலோ பக்கவாட்டில் கிடந்தாலோ இன்னும் களிமண் வேண்டும். ஆனால் நிறைய வைத்தால் இன்னும் நல்லது என்று 30 கிராம் அப்பிவிடாதீர்கள். அளவுக்கு மீறி முன்கனம் ஆனால் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு படுத்தபடி போகும்.

துடுப்பு கோணலாக இருந்ததோ என்ற சந்தேகமும் வேண்டாம். துடுப்பு கோணினால் ராக்கெட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஏறும், குட்டிக்கரணம் அடிக்காது.

அரசலாறு:
பாராசூட் பற்றி யாரும் சொல்லவில்லையே. டிஷ்யூ பேப்பர், பஞ்சு, செய்தித்தாள் மூன்றும் வேடிங் ஆகாது. பாராசூட்டைத் தள்ளும் வெடிப்பில் அவை பற்றிக்கொள்ளும், எரிந்துகொண்டே கீழே வரும். தீப்பிடிக்காதபடி பதம்செய்த தாளையே விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். நான்கைந்து தாளைத் தளர்வாகக் கசக்கி, குழாயில் ஐந்து செ.மீ. உயரம் நிரம்பும்படி போடுங்கள். சுற்றிலும் குழாயைத் தொட வேண்டும், ஆனால் குச்சியால் இடிக்கக் கூடாது. இடித்தால் மொத்தமும் அடைப்பாகி, மூக்குக்குப் பதில் மோட்டார் பின்னால் பிய்த்துக்கொண்டு போகும்.

பிளாஸ்டிக் பாராசூட்டை முதல்நாள் இரவே மடித்து வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். ஏவும் இடத்தில் விரித்து, முகத்துக்குப் போடும் பவுடரை இரண்டு பக்கமும் தூவி, அப்போது மடியுங்கள். மூக்கின் பொருத்தத்தையும் அங்கேயே பாருங்கள். ஈரக்காற்றில் அட்டைக்குழாய் உப்பும், வீட்டில் சரியாக இருந்தது களத்தில் இறுகியிருக்கும். தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது, இரண்டு விரலால் இழுத்தால் சிரமமில்லாமல் வர வேண்டும். இறுகினால் மூக்கின் கழுத்தை நைசான உப்புத்தாளால் தேயுங்கள். தளர்ந்தால் ஒரு சுற்று மாஸ்கிங் டேப்.

கொள்ளிடக்கரை:
60 செ.மீ. கம்பியும் போதாது. ராக்கெட்டுக்குத் துடுப்பு பிடிமானம் தருவது வேகம் வந்த பிறகுதான், கம்பியை விடும்போது விநாடிக்கு 13 மீட்டராவது வேண்டும். அதற்கு 90 செ.மீ. நேர்க்கம்பி தேவை. டிக் வெல்டிங் பட்டறையில் 3.2 மி.மீ. எவர்சில்வர் ஃபில்லர் கம்பி கேளுங்கள், ஒரு மீட்டர் நீளத்தில் வரும். சாதா வெல்டிங் ராடு வேண்டாம், குட்டை, மேல்பூச்சு வேறு. கம்பி நுனியில் எப்போதும் ஒரு கார்க்கைச் செருகிவையுங்கள், ஏவும்போது மட்டும் எடுங்கள். குனியும் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருக்கும் சாமான் அது.

வடவாறு:
மிக்க நன்றி. வயல் விஷயம்?

அரசலாறு:
தை அறுப்பு வயலை விட்டுவிடுங்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கிற சம்பாவுக்குள் உளுந்து, பயறு தெளித்திருப்பார்கள். கண்ணுக்குத் தரிசாகத் தெரியும், காலடியில் முளை இருக்கும். ராக்கெட்டைத் தேடி முப்பது பிள்ளைகள் மிதித்தால் நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? அதோடு காய்ந்த வைக்கோல். மோட்டாரின் நெருப்பு பட்டால் ஊரே ஓடிவர வேண்டியிருக்கும்.

பி மோட்டாருக்குக் குறைந்தது 60 மீட்டருக்கு 60 மீட்டர் திறந்தவெளி வேண்டும், சி என்றால் 120. இது ஏவுவதற்கான குறைந்தபட்சம்தான், திரும்பிப் பிடிப்பதற்கு இன்னும் இடம் தேவை. 71 கிராம் ராக்கெட் 30 செ.மீ. பாராசூட்டில் விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் இறங்கும். 90 மீட்டர் உயரத்தில் விரிந்தால் கீழே வர இருபது விநாடிக்குமேல் ஆகும், அதற்குள் லேசான காற்றே 80, 90 மீட்டர் தள்ளிவிடும். நம் பக்கம் அந்தத் தூரத்துக்குள் தென்னந்தோப்போ வாய்க்காலோ மின்கம்பியோ இல்லாத இடம் அபூர்வம். பாராசூட் நடுவில் 7 செ.மீ. வட்டம் வெட்டினால் கொஞ்சம் வேகமாக இறங்கும். மின்கம்பியில் மாட்டினால் ராக்கெட்டை மறந்துவிடுங்கள், தொரட்டி எடுத்துக்கொண்டு யாரும் போகக் கூடாது.

சித்திரை, வைகாசியில் கொள்ளிடத்து மணல்திட்டு நல்ல இடம். பற்ற வைக்கோல் இல்லை, அகலமும் உண்டு. தண்ணீர் திறப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள், கடல்காற்று ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளம், திருச்சி விமான நிலையம் இரண்டின் சுற்றுவட்டாரமும் கூடவே கூடாது.

குடமுருட்டி:
இடையில் ஒரு சந்தேகம். மோட்டார் கிடைக்காதபோது வாண மருந்தை அட்டைக்குழாயில் அடைத்து நாமே செய்துகொள்ளலாமா? இன்னொன்று, எங்களிடம் இருக்கிற கிட்டில் பொத்தானை அமுக்கினால், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் கம்பி பற்றுவதே இல்லை.

பாமணி:
முதல் கேள்விக்குப் பதில்: கூடாது, தம்பி. மருந்தில் ஒரு விரிசல் இருந்தால் போதும், எரியும் பரப்பு சட்டென்று கூடிக் குழாய் கையிலேயே வெடிக்கும். வெடிபொருள் சட்டம் 1884, வெடிபொருள் விதிகள் 2008 இரண்டின்படியும் உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். வாங்கிய மோட்டாரைக்கூட ரயிலில் பையில் போட்டு வரக் கூடாது. மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் ராக்கெட் விடுங்கள், அது தனி வித்தை.

இரண்டாவதுக்கு: பெரும்பாலும் முதலைக் கிளிப்பில்தான் கோளாறு. ஒவ்வொரு ஏவலுக்கும் பிறகு கரி படியும், நம் ஈரத்தில் துருவும் ஏறும். உப்புத்தாளால் பளபளப்பாகத் தேயுங்கள். இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்றோ ஏவுமேடையின் உலோகத் தகட்டையோ தொட்டால் மின்சாரம் குறுக்கே போய்விடும். இக்னைட்டர் நுனி மோட்டாரின் உள்ளே மருந்தைத் தொடும்வரை போயிருக்க வேண்டும், பிளாஸ்டிக் அடைப்பான் அதை அங்கே இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு மி.மீ. இடைவெளி இருந்தாலும் இக்னைட்டர் மட்டும் எரிந்து அணையும். இதெல்லாம் சரியென்றால் பேட்டரியைப் பாருங்கள். சதுர 9 வோல்ட் பேட்டரியால் போதுமான ஆம்பியர் தர முடியாது, பைக்கின் 12 வோல்ட் பேட்டரி போதும். ஒயர் ஐந்து மீட்டருக்குக் குறையக் கூடாது, மெல்லிய ஸ்பீக்கர் ஒயரும் வேண்டாம்.

பற்றாவிட்டால் உடனே ராக்கெட்டிடம் ஓடாதீர்கள். பொத்தான் பெட்டியின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு 60 விநாடி கழித்து ஒருவர் மட்டும் போக வேண்டும், சாவி அவர் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும்.

வடவாறு:
புதுத் துடுப்புக்கு பால்சா கேட்டிருக்கிறேன். பெயிண்ட் அடிக்கலாமா, அதுவும் வாலில் கனம்தானே?

கொள்ளிடக்கரை:
மூக்குக்கும் குழாயின் மேல்பாதிக்கும் மட்டும் அடியுங்கள். மணலில் கண்ணுக்குத் தெரிகிற ஆரஞ்சாக இருக்கட்டும். துடுப்பில் ஒரே ஒரு மெலிசான பூச்சு, ஈரம் ஏறாமல் இருக்க அது போதும். காய்ந்த பிறகு மோட்டார் போட்டு மறுபடி சமநிலை பார்த்து, அப்போது களிமண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.