ஊசி போட்ட பிறகு உங்க வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது: "குடும்பத்துல யாருக்காவது இருக்கா?"ன்னு கேட்டாங்களா?

தங்கச்சிமடம் பாசிக்காரி

2017 பிப்ரவரி. தட்டம்மை-ரூபெல்லா ஊசி, பள்ளிக்கூடத்துல வச்சே போட்டாங்களே, போடாதீங்கன்னு வாட்ஸப்ல வந்துக்கிட்டே இருந்துச்சே, அதான். மக ஒன்பதாப்பு. நான் பாசி எடுக்கப் போயிட்டேன். கரை ஏறையிலதான் மக மயங்கி விழுந்துட்டான்னு சேதி, ஈரச் சேலையோட ஓடுனேன். பெஞ்சுல படுக்க வச்சிருந்தாக, கண்ணு முழிச்சிருச்சு. அவ சாஞ்சதப் பாத்து வரிசையில நின்ன நாலு பிள்ளைகளும் சாஞ்சிருக்கு. அதுல ரெண்டுக்கு இன்னும் ஊசியே போடல!

நர்ஸம்மா நாடி பிடிச்சுக்கிட்டே கேட்டாக: "வீட்டுல யாருக்கும் ஊசி, ரத்தம் பாத்தா இப்படி வருமா?" வாசல்ல இருபது பேரு. என் நாத்தனாவும் நிக்கிறா. "யாருக்கும் இல்ல"ன்னுட்டேன்.

எனக்கு வரும். காது குத்துனப்பவே விழுந்தவ நான். எங்கப்பா நடுக்கடல்ல பயமில்லாம நிப்பாரு, கையில தூண்டிமுள்ளு ஏறுனா சாஞ்சிருவாரு. பிள்ளைக்கு வலிப்புக்காரின்னு பேரு விழுந்துருமேன்னு சொல்லல. ஊரே ஊசிய வஞ்சுச்சு, நானும் சேந்து வஞ்சேன்.

கீழக்கரை காக்கா

மாமு மகன், 16 வயசு, சிங்கப்பூர். 2021ல கொரோனாவுக்கு ஃபைசர் ரெண்டாவது டோஸ். ஒரு வாரத்துக்குக் கடுமையா ஓடி ஆடாதீங்கன்னு அங்க அரசாங்கமே சொல்லியிருந்துச்சு, கேக்குற வயசா? மூணாம் நாள் நெஞ்சுவலி. ரத்தத்துல ட்ரோபோனின் ஏறியிருந்துச்சு (இதயத் தசை அடிபட்டா ஏறுற புரதம்), இதயத் தசை அழற்சின்னாங்க. நாலு நாள்ல வீட்டுக்கு வந்துட்டான், இப்ப பந்தும் ஆடுறான்.

நான் சொல்ல வந்தது வேற. அங்கயிருந்து மாமு போன்ல, "டாக்டர் கேக்குறாரு, நம்ம குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு மவுத்தானவங்க உண்டா?"ன்னாரு. வெத்தலை மடிச்சிக்கிட்டிருந்த உம்மா கை அப்படியே நின்னுச்சு. மாமுவுக்கு மூத்தவர் ஒருத்தர் இருந்திருக்காரு. 31 வயசு. வலை இழுக்கையில சாஞ்சவரு, கரைக்கு வரும்போது உயிர் இல்ல. நாற்பது வருசமா எங்க வீட்டுல அதுக்குப் பேரு "காத்து அடிச்சிருச்சு."

மாமுவுக்கும் சின்னவனுக்கும் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாக. ஒண்ணும் இல்ல. ஆனா உம்மா அன்னைலருந்து யாரு நெஞ்ச தடவுனாலும் எந்திரிச்சு வந்து பக்கத்துல நிக்கிறா.

தொண்டி வாசகன்

என் கதை சின்னது. 2022 ஜனவரியில 15-18 வயசுக்குத் தொடங்குனப்ப மகனுக்குப் பள்ளியில கோவாக்சின், ரெண்டு நாள் காய்ச்சல், முடிஞ்சது. ஆனா காக்கா எழுதுனதைப் படிச்சிட்டு இங்க யாரும் "அப்ப எங்க பிள்ளைக்கும் வருமோ"ன்னு கிளம்பக் கூடாது. கோவாக்சின் செயலிழக்க வச்ச வைரஸ். அவர் சொல்ற ஃபைசர் எம்ஆர்என்ஏ, வைரஸோட ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லி உடம்புக்குக் குறிப்பு குடுக்குற வேற வகை. அதுலயும் அமெரிக்கக் கணக்குப்படி அதிகமா வந்தது 16-17 வயசுப் பையன்களுக்கு, ரெண்டாவது டோஸ் 10 லட்சத்துக்கு சுமார் 106 பேர். டாக்டர் குடும்பத்தை விசாரிச்சது ஊசிய நம்பாம இல்ல. டெஸ்மோபிளாக்கின் மாதிரி இதயத் தசைய ஒட்டி நிறுத்துற புரதத்தோட மரபணுவுல கோளாறு இருந்தா, அதுவும் இதே அழற்சி வேசத்துல வரும். அதை விட்டுரக் கூடாதுன்னுதான்.

மரபணு சாட்சியோட நிக்கிற கதை வேணும்னா பின்லாந்து, ஸ்வீடனைப் பாருங்க. 2009-10ல பன்றிக்காய்ச்சலுக்கு பாண்டெம்ரிக்ஸ்னு ஒரு ஊசி. அப்புறம் பிள்ளைகளும் விடலைகளும் வகுப்புல உக்காந்தபடியே தூங்கி விழ ஆரம்பிச்சாங்க, சிரிச்சா முழங்கால் மடங்கும். நார்கோலெப்ஸி. சோதிச்சவங்கள்ல ஏறக்குறைய எல்லார்கிட்டயும் எச்எல்ஏ டிக்யூபி1*06:02ங்கற ஒரே வகை நோயெதிர்ப்பு மரபணு. அதே வகை அங்க நாலுல ஒருத்தர்கிட்ட இருக்கு, அத்தனை பேரும் தூங்கியா விழுந்தாங்க? மரபணு இருந்தா மட்டும் போதாது, ஊசி மட்டும் போட்டாலும் போதாது. இது புரியாம ரத்தத்துல இருக்குன்னு பேசுறது சும்மா.

சாயல்குடி தம்பி

வாசகன் அண்ணே, "சும்மா"ன்னு லேசா சொல்லிட்டீங்க. எங்க அக்காட்ட வந்து சொல்லுங்க.

அக்காவைக் கட்டுனது தாய்மாமன். மகளுக்கு ஒன்பதாம் மாசம் தட்டம்மை ஊசி, ராத்திரி காய்ச்சல், இடப்பக்கம் மட்டும் அரை மணி நேரம் இழுத்துச்சு. அன்னைலருந்து ரெண்டு கட்சி. அப்பத்தா ஊசிதான்னு சொல்லும். ஊர்க்காரங்க சொந்தத்துல கட்டுனதுதான்னு சொல்லுவாங்க. அக்கா ரெண்டு பேச்சையும் வாங்கிக்கிட்டா. பத்து வயசுல போடுற டிடி ஊசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் வராம இருக்க) போட விடவே இல்ல. வலிப்புக்குக் கார்பமசெபைன் குடுத்தாங்க, அதுல இழுப்பு இன்னும் கூடுச்சு, ஏன்னு யாருக்கும் தெரியல.

பதினாலு வயசுலதான் ஒரு டாக்டர் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்புனாரு. எஸ்சிஎன்1ஏங்கற மரபணுவுல கோளாறு. ட்ராவே நோய், கைக்குழந்தையிலயே தொடங்குற கடுமையான வலிப்பு. இதுக்குக் கார்பமசெபைன் ஆகாத மருந்தாம்! ஊசியில வந்த காய்ச்சல் அந்த மொத இழுப்பை வெளிய இழுத்திருக்கலாம், இல்லாட்டி சளிக்காய்ச்சல் இழுத்திருக்கும்னாரு. 2006லயே ஆஸ்திரேலியாவுல, ஊசியால மூளை கெட்டதுன்னு முத்திரை குத்துன 14 பேரைச் சோதிச்சு, அதுல 11 பேர்கிட்ட இதே மரபணுக் கோளாறைக் கண்டுபிடிச்சிருக்காங்களாம்.

அப்புறம் அக்கா, மாமா ரெண்டு பேரு ரத்தமும் போச்சு. ரெண்டுலயும் இல்ல. புதுசா பிள்ளைகிட்டயே உண்டானது, பெரும்பாலும் இந்த நோயில அப்படித்தான்னாரு. அக்கா மூணு தடவை கேட்டா: "அப்ப எங்க ரெண்டு பேரு ரத்தத்துலயும் இல்லையா சார்?" மூணாவது தடவை கேக்கையில டாக்டர் மாமாவைப் பாத்தாரு, மாமா சுவரைப் பாத்தாரு. பஸ்ல வரும்போது மதுரைலருந்து பரமக்குடி வரைக்கும் யாரும் பேசல.

பதினஞ்சு வயசுல டாக்டரைக் கேட்டுக்கிட்டு டிடி போட்டோம். காய்ச்சல் மாத்திரை கையோட. ஒண்ணும் ஆகல.

ரிட்டயர்டு நர்ஸ், மண்டபம்

எல்லாரும் மரபணு மரபணுன்னா எப்படி? நான் முப்பது வருசம் ஊசி போட்டவ. விடலைப் பிள்ளைகள்கிட்ட நான் பாத்ததுல முக்காவாசி வெறும் மயக்கம். ஒருத்தி மட்டும் நிசமாவே அலர்ஜியில போகப் பாத்தா, தேவிபட்டினம் பக்கம், அவளை இன்னும் மறக்கல. அதுக்காகச் சொல்றேன். மயக்கம்னா முகம் வெளுக்கும், வேர்வை சில்லுன்னு இருக்கும், நாடி மெதுவா அடிக்கும், கால் லேசா உதறுனாலும் உதறும், அது வலிப்பு இல்ல. படுக்க வச்சு காலைத் தூக்குனா ஒரு நிமிசத்துல தெளியும். அலர்ஜின்னா நாடி ஓடும், உடம்பு தடிக்கும், மூச்சு இழுக்கும். தொடையில அட்ரினலின், உடனே, யோசிக்கவே கூடாது. வெறும் வயித்தோட பிள்ளைகளை அனுப்பாதீங்க. ஒருத்தி விழுறதை வரிசை பாக்காதபடி மறைப்பு கட்டச் சொல்லுங்க. ஊசி போட்டு அரை மணி நேரம் உக்காரணும், கேட்டுக்கு ஓடக் கூடாது. முன்னாடி விழுந்த பிள்ளைன்னா படுக்க வச்சே போடலாம். அதுக்கு நாங்க கேக்குறப்ப வீட்டுக்காரங்க உண்மையச் சொல்லணும். பாசிக்காரி தங்கச்சி, கோவிச்சுக்காத, உன்னைய மாதிரி தலையாட்டுனவுக நூறு பேர் இருப்பாக.

சாயல்குடி தம்பி

அக்கா, அவங்களே மனசு கேக்காமத்தான எழுதியிருக்காங்க.

தங்கச்சிமடம் பாசிக்காரி

வையட்டும் தம்பி, நர்ஸம்மாதான.

மக இப்ப நாலு மாசம் முழுகாம இருக்கா. போன வாரம் டிடி ஊசி போடப் போனோம். அந்த நர்ஸ் பிள்ளை அதே கேள்விய மககிட்ட கேட்டுச்சு. அவ, "ஸ்கூல்ல ஒரு தடவை விழுந்தேன், எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது"ன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன், அவ பையத் தூக்கிக்கிட்டு.