புதுப்பிப்பு: படலைக்கு வெளியே வந்திட்டன்

பஸ்ஸுக்குள்ள நெஞ்சு படபடத்து, மாரடைப்பெண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி சரியெண்டு திருப்பி அனுப்ப, பிறகு நாலு மாசம் படலையைத் தாண்டாமல் கிடந்தனெண்டு மாசியில எழுதினது நான்தான்.

மனநல உதவி இலக்கம் 1926க்கு அடிக்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி. பிறகு மனநலக் கிளினிக்குக்குப் போனன். பதகளிப்பு நோயாம் (திடீர் திடீரெண்டு கடும் பயம் வாறது). தந்த செற்றலின் (sertraline) எண்ட மருந்து வேலைசெய்யக் கிழமைக்கணக்காகும். முதல் கிழமை பதட்டம் கூடிச்சுது, விட்டிடுவமோ எண்டும் யோசிச்சன்.

மருந்தைவிடக் கஷ்டம், பயப்படுற இடங்களுக்குக் கொஞ்சங் கொஞ்சமாய் நடந்து பழகுறதுதான். முதல் ஒழுங்கை முடக்கு, பிறகு கடை, பிறகு பரந்தன் சந்தி. பயம் வந்தால் திரும்பி ஓடக்கூடாது, நிண்ட இடத்திலயே நிக்கோணும். அனேகமாப் பத்து நிமிசத்துக்குள்ள உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். (சொல்லுறது லேசு.)

"சண்டைநேரம் பங்கருக்க கிடந்த சனம், இப்ப பஸ்ஸுக்குப் பயமோ?" எண்டு சித்தப்பா சிரிச்சார். நான் பதில் சொல்லேல்ல. அம்மம்மா நாவூறும் கழிச்சவ, அதையும் மறிக்கேல்ல.

போன செவ்வாய் கிளிநொச்சிக்குத் தனியப் பஸ் ஏறினன். கரடிப்போக்கில தாங்கேலாமல் இறங்கிட்டன். ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பேல்ல. வேர்வை காயுமட்டும் மதகில இருந்து, அடுத்த பஸ்ஸில ஏறிப் போய்ச் சந்தையில ஒரு கிலோ வெண்டிக்காய் வாங்கினன். முத்தல்தான்.